கலெக்‌ஷன் கேட்பவர்களின் தரப்பில்

இலக்கிய நண்பர்கள் நாலு பேர் கூடி, பேச்சு எப்படியோ இசைப் பக்கம் திரும்பினால், ஐந்தாவது நிமிடத்தில் யாராவது ஒருவர் இதைச் சொல்லிவிடுவார்: “நான் எதையும் முழு ஆல்பமாத்தான் கேப்பேன். கலெக்‌ஷன் கேக்குறதெல்லாம் நமக்கு ஆகாது.” சொல்கிறவருக்குப் பெரும்பாலும் இருபத்தைந்து வயது. அடுத்த வாக்கியத்தில் ரேடியோஹெட் வரும். ‘ஓகே கம்ப்யூட்டர்’ ஆல்பத்தை விளக்கை அணைத்துவிட்டு, முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை, நடுவில் போனைத் தொடாமல் கேட்க வேண்டும் என்பார். தாராளமாகக் கேளுங்கள், நல்ல ஆல்பம். அதில் எனக்கு ஒரு சண்டையும் இல்லை. சண்டை அந்த ‘நமக்கு ஆகாது’வோடு. அந்த ‘நாம்’ யார், எதிர்ப்பக்கம் நிற்கிற ‘அவர்கள்’ யார் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன்.

‘அவர்கள்’ கேட்ட ஒரு சிடியை எடுத்து மேசைமேல் வைக்கிறேன். 1998 அக்டோபர் 27 அன்று அமெரிக்காவில் வெளிவந்தது. பெயர் ‘நவ் தட்ஸ் வாட் ஐ கால் மியூசிக்!’. பதினேழு பாட்டு. ஜேனட் ஜாக்சன், பேக்ஸ்ட்ரீட் பாய்ஸ், ஸ்பைஸ் கேர்ள்ஸ், ஆல் செயின்ட்ஸ், ஹான்சன், பிரையன் மெக்நைட், லென்னி கிராவிட்ஸ், அக்வாவின் ‘பார்பி கேர்ள்’. ஒன்றிரண்டு வருடத்துக்குள் வானொலியில் தேயத் தேய ஓடியவை. நம் நண்பர் முகம் சுளிக்கப் போதுமான பட்டியல். ஆனால் அதே தட்டில் இன்னொரு பாட்டும் இருக்கிறது: ரேடியோஹெட்டின் ‘கர்மா போலீஸ்’. விளக்கை அணைத்துவிட்டுக் கேட்கச் சொன்ன அதே ‘ஓகே கம்ப்யூட்டர்’ ஆல்பத்தின் ஆறாவது பாட்டு. பார்பி பொம்மையோடு ஒரே தட்டில்தான் சுற்றியது.

பெயரே ஒரு கேலி. இந்த வரிசை தொடங்கியது இங்கிலாந்தில், 1983 நவம்பரில். வர்ஜின், இஎம்ஐ என்ற இரண்டு கம்பெனிகள் சேர்ந்து போட்டது. முதல் தொகுப்பில் 30 பாட்டு, அதில் 11 அங்கே முதலிடம் பிடித்தவை. பெயர் எங்கிருந்து வந்தது தெரியுமா? பன்றி இறைச்சி விற்கும் பழைய டேனிஷ் விளம்பரச் சுவரொட்டி ஒன்றிலிருந்து. ஒரு கோழி பாடுகிறது, பன்றி கேட்டுச் சொக்கிப்போய்ச் சொல்லும் வாசகம் அது. வர்ஜின் முதலாளி ரிச்சர்ட் பிரான்சன் அந்தச் சுவரொட்டியை வாங்கித் தன் சகாவான சைமன் டிரேப்பருக்குப் பரிசாகக் கொடுத்திருந்தார். ‘கேட்கிறவனெல்லாம் பன்றி’ என்ற வசையை இவர்கள் தங்கள் செலவிலேயே அட்டையில் அச்சடித்துக்கொண்டார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். ஆரம்பத் தொகுப்புகளில் அந்தப் பன்றிதான் அடையாளச் சின்னம்.

ஜனங்கள் வாங்கினார்கள். எந்த அளவுக்கு என்றால், இங்கிலாந்தின் ஆல்பம் விற்பனைப் பட்டியலில் முதலிடத்தை இந்த மாதிரித் தொகுப்புகள் திரும்பத் திரும்பப் பிடித்தன. 1989 ஜனவரியில் தொகுப்புகளை அந்தப் பட்டியலிலிருந்து எடுத்து, தனியாக ஒரு பட்டியலில் போட்டார்கள். அதாவது ஜெயித்தவர்களுக்குத் தனிப் பந்தி. ‘உண்மையான’ ஆல்பங்கள் ஒரு வரிசையில், கலெக்‌ஷன்கள் வேறு வரிசையில். நம் நண்பரின் வாயில் இன்று வரும் ‘நமக்கு ஆகாது’, ஒரு வியாபாரப் பட்டியலில் எழுதப்பட்ட சட்டத்தின் எதிரொலி. அது அவருக்குத் தெரியாது. ரசனை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். அந்தத் தனிப் பந்தியில் உட்கார்ந்தபடியே 1999 நவம்பரில் வந்த 44ஆம் தொகுப்பு 20 லட்சத்துக்கும் மேல் விற்றது. அந்த வரிசையிலேயே அதிகம் விற்றது அதுதான்.

இங்கிலாந்து இருக்கட்டும். 1998 அமெரிக்காவுக்கு வருகிறேன், ஏனென்றால் என் கோபத்தின் ஊற்று அங்கேதான்.

அந்த வருடங்களில் அமெரிக்க இசைக் கம்பெனிகள் ஒரு வேலை செய்தன. வானொலியில் ஒரு பாட்டு பிய்த்துக்கொண்டு ஓடும். பிடித்துப்போன பையன் கடைக்குப் போய் அந்தப் பாட்டை மட்டும் சிங்கிளாகக் கேட்பான். இருக்காது. கம்பெனி வேண்டுமென்றே சிங்கிள் போடாது. அந்த ஒரு பாட்டு வேண்டுமானால் முழு ஆல்பத்தை வாங்கு. 16, 17 டாலர் எடு. அன்றைய அமெரிக்காவில் மத்திய அரசு விதித்திருந்த குறைந்தபட்சக் கூலி மணிக்கு 5 டாலர் 15 சென்ட். பர்கர் கடையில் மூன்று மணி நேரத்துக்கு மேல் நின்று வேலை பார்த்தால் ஒரு பாட்டு கிடைக்கும். கூடவே அவன் கேட்காத பத்துப் பதினொன்று.

இது எவ்வளவு முற்றிப்போனது என்பதற்கு ஒரு உதாரணம். நோ டவுட் குழுவின் ‘டோன்ட் ஸ்பீக்’ அமெரிக்க வானொலி ஒலிபரப்புப் பட்டியலில் 16 வாரம் முதலிடத்தில் இருந்தது. ஆனால் நாட்டின் பிரதானப் பாட்டுப் பட்டியலான பில்போர்டு ஹாட் 100இல் அது ஒரு நாள்கூட இல்லை. சிங்கிளாக விற்பனைக்கு வராத பாட்டு அந்தப் பட்டியலில் ஏற முடியாது என்பது அன்றைய விதி. ஊரே பாடுகிற பாட்டு, கணக்கில் இல்லை! 1998 டிசம்பர் 5 தேதியிட்ட பட்டியலிலிருந்துதான் விதியை மாற்றினார்கள். நான் மேசைமேல் வைத்திருக்கும் சிடி கடைக்கு வந்து ஆறு வாரம்கூட ஆகவில்லை அப்போது.

இந்தச் சிடியிலேயே சாட்சி இருக்கிறது. பேக்ஸ்ட்ரீட் பாய்ஸின் ‘ஆஸ் லாங் ஆஸ் யூ லவ் மீ’. ஸ்டாக்ஹோமின் செய்ரோன் ஸ்டூடியோவில் மேக்ஸ் மார்ட்டின் எழுதிய பாட்டு. (நம்மூர்ச் சுவர்களில்கூட அந்தப் பையன்களின் போஸ்டர் ஒட்டியிருந்த காலம் உண்டு.) அமெரிக்காவில் அது சிங்கிளாக விற்கப்படவில்லை. அதனால் ஹாட் 100 பக்கமே வரவில்லை. அந்தப் பாட்டைக் கேட்டு வந்த பெண்ணுக்கு இரண்டு வழி: அந்தக் குழுவின் முழு ஆல்பம், அல்லது ஏறக்குறைய அதே காசுக்குப் பதினேழு பேரின் பதினேழு பாட்டு. எதை வாங்குவாள்? எதை வாங்கினால் அவள் ஏமாளி இல்லை?

இத்தோடு முடியவில்லை. 2000 மே மாதம் அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம் ஐந்து பெரிய இசைக் கம்பெனிகளோடு ஒரு சமரசத்துக்கு வந்தது: சோனி, யுனிவர்சல், பிஎம்ஜி, வார்னர், இஎம்ஐ. குற்றச்சாட்டு இது. கடைக்காரர்களின் விளம்பரச் செலவுக்குக் கம்பெனிகள் பணம் தந்தன. பதிலுக்கு, குறிப்பிட்ட விலைக்குக் கீழே சிடியை விளம்பரம் செய்யக் கூடாது. விலை இறங்காமல் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு. முந்தைய மூன்று ஆண்டுகளில் இதனால் வாங்குகிறவர்கள் 48 கோடி டாலர் வரை அதிகமாகக் கொடுத்திருக்கலாம் என்று ஆணையம் மதிப்பிட்டது. கம்பெனிகள் தவறை ஒப்புக்கொள்ளவில்லை, ஏற்பாட்டை மட்டும் கைவிட்டன.

இப்போது ‘முழு ஆல்பம்’ என்ற புனிதத்தை இந்த வெளிச்சத்தில் பாருங்கள். ஆல்பம் ஒரு முழுமையான கலைப்படைப்பு, அதைப் பிய்த்துக் கேட்பது பாவம் என்ற வாதம் யாருக்கு வசதியாக இருந்தது? ஒரு பாட்டைத் தனியாக விற்க மறுத்தவனுக்கு. அவனுடைய விலைப்பட்டியலுக்கு நம் விமர்சகர்கள் அழகியல் என்று பெயர் வைத்துக் கொடுத்தார்கள். காசு வாங்காமல் செய்த விளம்பரம்.

“அப்படியென்றால் ஆல்பம் என்ற வடிவமே மோசடியா?” என்று கேட்பீர்கள். இல்லை. வயதை மட்டும் சொல்கிறேன். ‘ஆல்பம்’ என்ற சொல்லே, பழைய 78 சுழற்சித் தட்டுகளைப் புகைப்பட ஆல்பம்போலக் கட்டி விற்றதிலிருந்து வந்தது. நீண்ட நேரம் ஓடும் எல்பி தட்டை கொலம்பியா கொண்டுவந்தது 1948இல். அடுத்த வருடமே ஆர்சிஏ சின்ன 45 தட்டைக் கொண்டுவந்தது, ஒரு பக்கம் ஒரு பாட்டு. பாப் இசை பிறந்து வளர்ந்தது அந்தச் சின்னத் தட்டில். பீட்டில்ஸின் ‘சார்ஜன்ட் பெப்பர்’ ஆல்பத்தைத்தான் எல்லோரும் ஆல்பக் கலையின் வேதமாகச் சொல்வார்கள். அதே ஒலிப்பதிவுக் காலத்தில் உருவான ‘ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸ் ஃபாரெவர்’, ‘பென்னி லேன்’ இரண்டும் அந்த ஆல்பத்தில் கிடையாது. சிங்கிளாகத் தனியே வெளியிட்டார்கள். வேதம் எழுதியவர்களே தனிப் பாட்டைத் தனிப் படைப்பாகத்தான் நடத்தினார்கள்.

இதைத் தமிழ் இலக்கியம் படிக்கிற ஆட்களிடம் விளக்க வேண்டியிருப்பதுதான் எனக்கு ஆச்சரியம். குறுந்தொகை என்ன? 401 பாட்டு, இருநூறு பேருக்கு மேல் எழுதியது, பூரிக்கோ என்ற ஒருவர் தொகுத்தது. சிங்கிள்களின் கலெக்‌ஷன்! அதுவும் எதை வைத்துப் பிரித்தார்கள்? அடி எண்ணிக்கை. சின்னதெல்லாம் ஐங்குறுநூறு, நாலடியிலிருந்து எட்டடி என்றால் குறுந்தொகை, அதற்கு மேல் நற்றிணை, இன்னும் நீண்டால் அகநானூறு. இரண்டு நிமிடப் பாட்டெல்லாம் இந்தக் கேசட்டில் போடு, நாலு நிமிடமெல்லாம் அந்தக் கேசட்டில் என்பதுபோல. பெரும்பாலான கவிஞர்கள் தங்கள் ‘முழு ஆல்பத்தை’ நமக்கு விட்டுப் போகவில்லை. தொகுத்தவன் எடுத்து வைத்ததுதான் மிச்சம். ஒரே பாட்டு கிடைத்து, பெயரும் தொலைந்து, பாட்டிலிருந்த தொடரையே பெயராக வாங்கிக்கொண்டவர்கள் எத்தனை பேர்: செம்புலப்பெயனீரார், அணிலாடு முன்றிலார், மீனெறி தூண்டிலார், குப்பைக் கோழியார். ‘ஒன் ஹிட் வொண்டர்’ என்று ஏளனமாகச் சொல்வீர்களே, அதேதான். “அந்த பார்பி கேர்ள் பாட்டுக்காரங்க” என்று அக்வாவைச் சொல்வதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? தரத்தில் வித்தியாசம் இருக்கலாம், அது வேறு பேச்சு. பெயர் வைக்கிற முறை ஒன்றுதான். செம்புலப்பெயனீராரை மேற்கோள் காட்டிக் காதல் கடிதம் எழுதிவிட்டு, கலெக்‌ஷன் கேட்கிறவனைப் பார்த்து மூக்கைச் சுளிப்பது எந்த ஊர் நியாயம்?

சரி, அந்தப் பதினேழு பாட்டில் சரக்கு இருக்கிறதா? சிலதில் இல்லை. இமாஜின் குழுவின் ‘ஷார்ட்டி’யை இரண்டாம் முறை கேட்க எனக்குப் பொறுமை இல்லை. ஆனால் இதைப் பாருங்கள். சிடியைப் போட்டதும் முதலில் வருவது ஜேனட் ஜாக்சனின் ‘டுகெதர் அகெய்ன்’. கால் தானாக ஆடும். அது எய்ட்ஸால் இறந்த நண்பர்களை நினைத்து அவர் எழுதிய பாட்டு. இரங்கலை நடனமாக்கியிருக்கிறார். பேக்ஸ்ட்ரீட் பையன்களுக்காக இந்தச் சிடியை வாங்கிய பதினாலு வயதுப் பெண், அந்தக் கையிருப்புத் துக்கத்தைக் கடந்துதான் தன் பையன்களிடம் போயிருப்பாள். செர்ரி பாப்பின் டாடீஸின் ‘ஸூட் சூட் ரயட்’ இன்னொன்று. 1943இல் லாஸ் ஏஞ்சலஸில், தொளதொள கோட்டு போட்ட மெக்சிகோ வம்சாவளி இளைஞர்களைக் கப்பற்படைச் சிப்பாய்கள் தெருவில் உரித்து அடித்த கலவரத்தின் பெயர் அது. அந்தக் குழு பல மாதிரி இசை வாசித்துக்கொண்டிருந்தது. ரசிகர்கள் ஸ்விங் பாட்டு மட்டும் தனியாக வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்ததால், பழைய ஆல்பங்களிலிருந்து ஸ்விங் பாட்டுகளைப் பொறுக்கி, புதிதாகச் சிலதைச் சேர்த்து ஒரு தட்டு போட்டார்கள். அந்தத் தொகுப்புதான் 20 லட்சம் விற்றது. தனித்தனி ஆல்பங்களாக இருந்தபோது யாரும் சீண்டவில்லை.

‘பார்பி கேர்ள்’கூடச் சாதாரணமில்லை. பொம்மைக் கம்பெனியான மேட்டல், பாட்டை வெளியிட்ட எம்சிஏ மீது வழக்குப் போட்டது. அந்தப் பாட்டு பார்பியைக் கேலி செய்கிறது, கேலி பேச்சுரிமைக்குள் வரும் என்று 2002இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. தீர்ப்பின் கடைசியில் இரண்டு தரப்பும் கொஞ்சம் ஆறுதலாக இருங்கள் என்ற தோரணையில் ஒரு அறிவுரை வேறு. சட்டக் கல்லூரிகளில் இன்றும் பேசப்படும் வழக்கு. நம் நண்பர் ‘குப்பை’ என்று தள்ளிய பாட்டு.

இந்தச் சிடிக்கு வக்காலத்து வாங்கும்போது அதன் களவாணித்தனத்தையும் சொல்லியாக வேண்டும். 1998இன் வானொலி இது என்று அட்டை சொல்கிறது. ஆனால் செலின் டியோனின் ‘டைட்டானிக்’ பாட்டு இல்லை. பிராண்டி, மோனிகா இருவரும் பாடி 13 வாரம் முதலிடத்தில் நின்ற ‘தி பாய் இஸ் மைன்’ இல்லை. கூ கூ டால்ஸின் ‘ஐரிஸ்’ இல்லை. முதல் பாட்டு சோனியுடையது, மற்ற இரண்டும் வார்னருடையவை. அந்தக் கம்பெனிகள் இந்தக் கூட்டில் இல்லை. அடுத்த வருடமே வார்னரும் பிஎம்ஜியும் ‘டோட்டலி ஹிட்ஸ்’ என்று போட்டிக் கடை திறந்தன.

இதையாவது உரிமைச் சிக்கல் என்று விடலாம். ராப் இல்லாததை அப்படி விட முடியாது. 1998 ஹிப் ஹாப்பின் ஆண்டு. டிஎம்எக்ஸின் முதல் ஆல்பம் மே மாதம் நேராக முதலிடத்தில் இறங்கியது. அவர் இருந்தது டெஃப் ஜாமில். டெஃப் ஜாமில் பெரும்பங்கு பாலிகிராம் கையில், பாலிகிராம் இந்தக் கூட்டின் பங்காளி. எடுத்திருக்க முடியும், எடுக்கவில்லை. பதினேழு பாட்டில் ராப் என்று சொல்ல அந்த ‘ஷார்ட்டி’யில் வரும் ஒரு துண்டு. புறநகர் வீட்டு அம்மா முகம் சுளிக்காத 1998ஐத் தயாரித்திருக்கிறார்கள். இது ஒரு பொய். ஆனால் அச்சடித்த பொய். பின்னட்டையில் பதினேழு வரி இருக்கிறது, யாரை விட்டார்கள் என்று இன்றைக்கும் நான் விரல் வைத்துக் காட்ட முடிகிறது.

இப்போது நம் காலத்துக்கு வாருங்கள். ஆல்பம் பக்தர்களும் சரி, மற்றவர்களும் சரி, நடைமுறையில் கேட்பது பிளேலிஸ்ட். அதுவும் கலெக்‌ஷன்தான், ஆனால் தொகுத்தவன் முகம் இல்லாத கலெக்‌ஷன். இங்கிலாந்தின் ‘நவ்’ தொகுப்புகளை இரண்டாவதிலிருந்து 2012 வரை தொகுத்தவர் ஆஷ்லி ஏப்ரம் என்ற ஒருவர். தப்பு என்றால் திட்டுவதற்குப் பெயர் இருந்தது. பிளேலிஸ்டில் இந்த வாரம் இருக்கும் பாட்டு அடுத்த வாரம் சத்தமில்லாமல் காணாமல் போகும். போன வாரப் பட்டியலைக் காட்டு என்றால் செயலிக்குள் அதற்குப் பொத்தான் இல்லை. 2020இல் ஸ்பாட்டிஃபை ‘டிஸ்கவரி மோட்’ என்று ஒன்றை அறிவித்தது: ராயல்டியைக் குறைத்துக்கொள்ள ஒப்புக்கொண்டால், உன் பாட்டை அல்காரிதம் கொஞ்சம் கூடுதலாகத் தள்ளிவிடும். உங்கள் காதில் அடுத்து விழும் பாட்டு உங்களுக்குப் பிடிக்கும் என்று வந்ததா, மலிவாகக் கிடைத்தது என்று வந்ததா? கேட்கிற உங்களுக்குத் தெரியாது. பேக்ஸ்ட்ரீட் பையன்களைக் காட்டிப் பதினாறு டாலர் பிடுங்கியவனாவது விலையை ஸ்டிக்கரில் ஒட்டியிருந்தான்.

‘தொண்ணூறுகளின் சிறந்த பாடல்கள்’ என்று பின்னாளில் வரும் பட்டியல்களோ இன்னொரு வகை. அதில் நிர்வானா இருக்கும், லாரன் ஹில் இருப்பார், ‘கர்மா போலீஸ்’ இருக்கும். அத்தனையும் கௌரவமான பாட்டு. யாரும் அசட்டுத்தனமாக எதையும் ரசித்ததாகவே அந்தப் பட்டியலில் தடயம் இருக்காது. 1998இல் பிறந்த ஒரு பையன் அதைக் கேட்டுவிட்டு, “அப்பல்லாம் என்ன மாதிரி மியூசிக்ப்பா!” என்று ஏங்குகிறான். அவனுக்கு நான் கொடுப்பது இந்தப் பதினேழு பாட்டைத்தான். எது நிலைக்கும் எது மறையும் என்று தெரியாதவர்கள், அந்த வாரம் கையில் இருந்ததை வைத்துப் போட்டது. ரேடியோஹெட்டுக்குச் சிலை வைப்பார்கள் என்றோ, மார்சி பிளேகிரவுண்டை மறந்துவிடுவார்கள் என்றோ அவர்களுக்குத் தெரியாது. 1998இல் மாடர்ன் ராக் பட்டியலில் 15 வாரம் முதலிடத்தில் இருந்தது மார்சி பிளேகிரவுண்டின் பாட்டு. அந்தப் பாட்டும் இந்தச் சிடியில் இருக்கிறது. அன்றைய நிலவரப்படி பெரிய ஆள் அவர்கள்தான்.

நான் இதை முதலில் கேட்டது யாரோ நகலெடுத்த ஒரு சிடியில், பாட்டுப் பெயர்கள் ஸ்கெட்ச் பேனாவால் எழுதியிருந்தன, இரண்டில் எழுத்துப்பிழை. அதில் ஹார்வி டேஞ்சர் என்ற சியாட்டில் குழுவின் ‘ஃபிளாக்போல் சிட்டா’ இருந்தது. என்ன பெயர் இது என்றுதான் முதலில் போட்டேன். பிறகு அதுதான் எனக்கு அந்தச் சிடி. அவர்கள் 2005இல் தங்கள் கடைசி ஆல்பத்தை இணையத்தில் இலவசமாகவே இறக்கிக்கொள்ளக் கொடுத்தார்கள், 2009இல் குழுவைக் கலைத்தும் விட்டார்கள். நான் அந்த ஆல்பத்தை இறக்கி, முதலிலிருந்து கடைசி வரை, நண்பர் சொல்கிற மாதிரி நடுவில் எதையும் தொடாமல் கேட்டேன். விளக்கை மட்டும் அணைக்கவில்லை.